கியர் இல்லாச் சைக்கிளும் சோளகக் காற்றும்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு ஏற்றம் பகை. கரைநாட்டில் வாழ்வோர்க்குக் காற்றே பகை. சிலாபத்திலிருந்து முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியே புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருவர் நாள் முழுவதும் துவிச்சக்கரவண்டி மிதித்தாலும், மேடு என்று சொல்லத்தக்க ஒன்றைக் காண்பது அரிது. பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலையூடாகக் கற்பிட்டிக்குப் போகும் சாலையும் அத்தகையதே. இத்தகைய சமதரையில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, இருபத்தொரு கியர் பூட்டிய புதுவண்டி தேவைதானா? அல்லது வீட்டுப் பின்புறத்தில் துருவேறிக் கிடக்கும் பாட்டனாரின் பழைய வண்டியைச் செப்பனிட்டாற் போதுமா? பெற்றோர் பலர் எம்மிடம் கேட்கும் வினா இது. மாணவர்களும் கேட்கின்றனர், ஆனால் அவர்கள் கேட்கும்போதே விடையையும் தம் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கின்றனர்!

இவ்வினாவுக்குக் கூர்மை தந்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோர்க்குச் சில நாட்களுக்கு எரிபொருள் விற்பதில்லை என அரசு அறிவித்தது. மோட்டார்ச் சைக்கிள்கள் முற்றங்களில் ஓய்வெடுத்தன. பரணிலும் கொட்டிலிலும் மறந்து கிடந்த மிதிவண்டிகள் வெளிச்சத்துக்கு வந்தன. புதிய வண்டிகளின் விலையோ நாளுக்கு நாள் ஏறியது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தவர் இந்தப் பாடத்தை இன்னும் கடுமையாகப் பயின்றிருந்தனர். 1990களில் பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் அரிதாகிய குடாநாட்டில் மாணவர், ஆசிரியர், நோயாளி, மணமக்கள் யாவரையும் சுமந்தது சைக்கிளே. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் அவர்களே. அந்த வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை கியர் இல்லாதவை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

கியர் இல்லாத வண்டி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், உண்மையில் அதற்கும் ஒரு கியர் உண்டு. ஒன்றே ஒன்று உண்டு. பெடலுடன் சுழலும் பெரிய பற்சக்கரத்துக்கும், பின்சக்கரத்திலுள்ள சிறிய பற்சக்கரத்துக்கும் இடையேயுள்ள விகிதமே அது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியே இன்றைய சைக்கிளின் முன்னோடி. அதற்கு முந்திய உயரச் சைக்கிளில் பெடல் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது; ஆதலின் வேகம் வேண்டியவர் சக்கரத்தைப் பெரிதாக்கவேண்டியிருந்தது, விழுந்தால் தலைகீழாகவே விழவேண்டியும் இருந்தது. சங்கிலி வந்தபின் சக்கரம் சிறுத்தது. ஓட்டுபவரின் காலும் தரையை எட்டியது. 1888இல் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றபின், கல்லும் குழியும் நிறைந்த பாதையும் பொறுக்கத்தக்கதாயிற்று. அன்று முதல் இன்று வரை அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை.

“ஒரே கியரோடு எவ்வளவு தூரம் போகமுடியும்?” எனக் கேட்கும் இளைஞர்க்கு ஒரு செய்தி சொல்வோம். உலகப் புகழ்பெற்ற பிரான்ஸ் சுற்றுப் போட்டி 1903இல் தொடங்கியது. சங்கிலியைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் தாவச் செய்யும் கியர்ப் பொறியை அப்போட்டியில் 1937ஆம் ஆண்டிலேதான் அனுமதித்தனர். அதுவரை, வீரர்களின் பின்சக்கரத்தில் ஒருபுறம் பெரிய பற்சக்கரமும் மறுபுறம் சிறியதும் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிவிட்டு மீண்டும் ஏறுவார்கள். அல்ப்ஸ் மலையையே அவ்வாறு கடந்தனர் என்றால், மதுரங்குளியிலிருந்து புத்தளம் செல்ல நமக்கு எத்தனை கியர் வேண்டும்?

ஆயினும் கணக்கறியாமல் ஒன்றைப் பூட்டிவிடக்கூடாது. பழைய கனவண்டிகள் பலவற்றில் முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருக்கும். 44ஐ 18ஆற் பிரித்தால் ஏறத்தாழ 2.44 வரும். அதாவது பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் ஓடும். எனவே பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீற்றர் முன்செல்லும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். பள்ளிப்பிள்ளைக்கு இது போதும். சில வேளைகளில் இதுவே மிகை.

மிகையாவது எப்போது? சோளகம் வீசும்போது. வைகாசி முதல் புரட்டாசி வரை கற்பிட்டிக் குடாவில் வீசும் காற்றைத் தேடி வெளிநாட்டார் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகின்றனர். மாம்புரிப் பகுதியில் காற்றாலைகள் எழுந்ததும் அக்காற்றை நம்பியே. அவர்களுக்குச் செல்வமாகிய அதே காற்று, தெற்கு நோக்கிச் சைக்கிளில் வரும் மாணவனுக்குச் சுவராகிறது. காற்றின் எதிர்ப்பு, அதனை நாம் எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது பௌதிகம் கற்கும் மாணவர் அறிந்ததே. அசையாக் காற்றில் 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவனை, 20 கிலோமீற்றர் வேகக் காற்று எதிர்த்து வந்தால், அவன் முகத்தில் மோதுவது 35 கிலோமீற்றர் வேகக் காற்று. எதிர்ப்போ இரண்டு மடங்கன்று. ஐந்து மடங்குக்கும் மேல்! வாடைக்காலத்தில் திசை மாறும். தெற்கே செல்பவனை அப்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும்.

ஆதலின் கரைநாட்டுப் பிள்ளையின் வண்டிக்குப் பின்புறம் 18க்குப் பதிலாக 20 பற்கள் கொண்ட பிரீவீலைப் பூட்டுவது அறிவுடைமை. பெடலின் ஒரு சுற்றுக்கு 4.8 மீற்றர்தான் ஓடும். ஆனால் அதே வேகத்துக்குக் காலால் அழுத்தவேண்டிய விசை பத்தில் ஒரு பங்கு குறையும். காற்று அடங்கிய நாளில் வேகம் சற்றுக் குறைவது பெரிய நட்டமன்று. காற்று எழுந்த நாளில் முழங்காலைக் காப்பது பெரிய இலாபம். சிறிய பற்சக்கரத்தைப் பூட்டிப் பறக்க விரும்பும் இளைஞன், ஆடிமாதத்தில் ஒருநாள் கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை வந்து பார்க்கட்டும். அதன்பின் நாம் உபதேசிக்க வேண்டியிராது.

இனி, வண்டியைக் கட்டும் முறை. விடுமுறைக் காலத்தில் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. முதலிற் சட்டகத்தைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு செல்லும் குழாயைச் சோதிக்கவேண்டும். மழைநீர் வழிந்து தங்குமிடம் அதுவே. உப்புக்காற்று உள்ளிருந்து அரிக்குமிடமும் அதுவே. அங்கே துரு தின்றிருந்தால் அச்சட்டகத்தைக் கைவிடுங்கள். ஏனைய யாவற்றையும் மாற்றலாம்.

சக்கரத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால், கம்பிகளைக் கழற்றுமுன்னரே பிரீவீலைக் கழற்றிவிட வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகும் பகுதி அது. கம்பிகளை வெட்டியபின் குடம் மட்டும் கையில் மிஞ்சும். இறுகிய பிரீவீலைத் திருகுவதற்குப் பிடி கிடைக்காது. இடப்பக்கப் பெடலின் புரி எதிர்த்திசையில் அமைந்தது என்பதையும் மறக்கலாகாது. வழக்கம்போல் திருகி அதனை உடைத்தவர் எத்தனையோ பேர்! சங்கிலிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. புதுச் சங்கிலியில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அதே 24 கண்ணிகள் எட்டில் ஓர் அங்குலம் கூடுதலாக நீண்டிருந்தால், அச்சங்கிலி தேய்ந்துவிட்டது. பற்களையும் தின்னத் தொடங்கிவிட்டது. பூட்டியபின் சங்கிலியின் நடுவில் விரலால் அசைத்தால் அரை அங்குலம் அளவு ஆட்டம் இருக்கட்டும். முறுக்கிய வீணைத் தந்தியைப்போல் இறுக்கினால் குண்டுகள் தேயும். தொங்கவிட்டால் நடுவீதியில் கழன்றுவிடும்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது மட்டும் நூலைப் படித்து வரும் கலையன்று. பழைய ஆங்கிலேய வண்டிகளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40 கம்பிகள். அவ்வளவு மெல்லிய கம்பிகள் ஒரு மனிதனையும் ஒரு மூட்டையையும் தாங்குவது, அவை யாவும் ஒருங்கே இழுபட்டு நிற்பதனால். ஒன்றை அதிகம் இறுக்கினால் அயலிலுள்ளவை தளரும். கூட்டுக்குடும்பத்தின் நியாயம் அங்கேயும் உண்டு. இதனைக் கண்ணாலும் காதாலும் அறிந்த முதிய ‘பாஸ்’மார் சந்திக்குச் சந்தி இருந்த காலம் ஒன்றுண்டு. இன்று அவர்களுள் எஞ்சியிருப்பவர் சிலரே. அவர்களது பிள்ளைகள் முச்சக்கரவண்டி திருத்தப் போய்விட்டனர். அவ்விடத்தில் ஒருமணி நேரம் அமர்ந்து பார்க்கும் மாணவன், விசையும் இழுவிசையும் பற்றிக் கற்பது வகுப்பறைப் பாடத்துக்குக் குறைந்ததன்று. அக்கலை நம் காலத்தில் அற்றுப்போனால், பழைய சட்டகங்கள் வெறும் இரும்பாகிவிடும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். புத்தளத்து உப்பளங்களுக்கு வாழ்வளிக்கும் அதே வெயிலும் காற்றும் சைக்கிளுக்குக் கூற்றுவன். கியர்ப்பொறியின் சிறு வில்லுகளும், உருளைகளும், மெல்லிய கம்பிகளும் உப்பில் விரைவாகச் சிறைப்படும். ஒற்றைச் சங்கிலியையோ முழுமூடியிட்டுக் காக்கலாம். கடலோரம் சென்று வந்த வண்டியை நன்னீரால் துடைத்து, உலர்த்தி, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒருதுளி எண்ணெயிட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழிய விட்டால் மணல் ஒட்டி அரமாகிவிடும்.

இத்தனையும் சொல்லியபின், உயிரோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்லாது விடுவது தகாது. அது பிறேக். பிரீவீல் பூட்டிய வண்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு பிறேக்குகள் இன்றியமையாதன. மினுக்கிய இரும்பு றிம், மழையில் நனைந்தவுடன் வழுக்கும். நிறுத்தும் தூரம் பன்மடங்கு நீளும். பழைய கோல் பிறேக், றிம்மின் உட்புறத்தைப் பற்றுவது; புதிய கம்பி பிறேக் பக்கச்சுவரைப் பற்றுவது. றிம்மை மாற்றாமற் பிறேக்கை மட்டும் மாற்றினால், பிடிப்பதற்குத் தட்டையான பக்கம் இராது. இயன்றால் முன்சக்கரத்துக்காவது அலுமினிய றிம்மும் அதற்குரிய பிறேக்கும் பூட்டுங்கள். கொழும்பு–புத்தளம் நெடுஞ்சாலை நம் பாட்டனார் மிதித்த சாலையன்று. தொலைதூரப் பேருந்துகளும், சிமெந்தும் தேங்காயும் ஏற்றிய லொறிகளும் விரையும் அச்சாலையின் ஓரத்திலேதான் நம் பிள்ளைகள் செல்கின்றனர். ஆயுதபூசையன்று சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டுகிறோம். அதன் பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறோம்! கலைமகளும் அதனை விரும்பமாட்டாள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பயின்றனர். பெண்களுக்குரிய வண்டி கிடைக்காதபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்களின் வண்டியிலேயே ஏறினர். அவ்வண்டிகளும் கியர் இல்லாதவையே. பிற்காலத்தில் அம்மாநில அரசு மாணவர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கியது. தூரத்தைக் காரணம் காட்டிப் பெண்ணின் படிப்பை நிறுத்தும் வீடுகள் எங்கும் உண்டு. ஆறு கிலோமீற்றர் தூரம், நடந்தால் ஒன்றரை மணி. மிதித்தால் அரைமணிக்கும் குறைவு. ஒரு பழைய சட்டகமும், இருபது பற்களும், இரண்டு பிறேக்குகளும் ஒரு பெண்ணின் உயர்தர வகுப்பைக் காப்பாற்றுமாயின், அதைவிட மலிவான சீதனம் வேறில்லை.

கியர் வண்டியை நாம் பழிக்கவில்லை. மலைநாட்டுக்குப் படிக்கச் செல்பவர்க்கும், நாளொன்றுக்கு நீண்ட தூரம் செல்பவர்க்கும் அது உற்ற துணை. மூட்டுநோய் உள்ள முதியவர்க்கும் அது நன்று. ஆனால் அண்டை வீட்டுப் பிள்ளை வைத்திருக்கிறான் என்பதற்காகக் கடன்பட்டு அதனை வாங்கவேண்டியதில்லை. மீன்பெட்டியைக் கரியரிற் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஊர் ஊராகச் செல்லும் வியாபாரியின் வண்டியைப் பாருங்கள். அதில் இருப்பது ஒரே கியர். அதைக் கொண்டே அவர் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்.

எனவே பெற்றோர்களே, கடைக்குப் போகுமுன் கொட்டிலைத் திறந்து பாருங்கள். மாணவர்களே, பற்களை எண்ணுங்கள், சங்கிலியை அளவுங்கள், பிறேக்கைச் சோதியுங்கள். தன் கையாற் பூட்டிய வண்டியில் ஏறிச் செல்பவன், வழியில் அது நின்றாலும் கலங்கமாட்டான். எங்கே கழன்றது, எதனால் கழன்றது என்பதை அவன் அறிவான்.