ஏழு பேர் ஆட்டத்தில் ஒருவனுக்குப் பாதியா?

தோழனே!

வேலை முடிந்து, வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் தேநீர்க் கடையில் நாலு பேர் நின்றால் போதும்; அங்கே ஒரு சட்டமன்றமே கூடிவிடும்! அரிசி விலை வாதத்துக்கு வரும், மீன் விலை வாதத்துக்கு வரும். ஆனால் சடுகுடு வீரர்களின் ஏலச் செய்தி வந்துவிட்டாலோ, மற்ற மசோதாக்கள் எல்லாம் ஒத்திவைக்கப்படும்!

"இன்னா அண்ணாத்தே, ஒரே ஆளுக்கு ரெண்டேகால் கோடியா? நாம ஆயுசு பூரா ஹார்பர்ல சரக்கு எறக்கினாலும் அந்தக் காசைக் கண்ணால பாக்க முடியுமா?" என்கிறான் இளைஞன்.

"ஏன்டா தம்பி, அவன் தொடை தட்டினா ஊரே எழுந்து நிக்குது. அவனாலதான் டிக்கெட்டு விக்குது. குடுத்தா இன்னா தப்பு?" என்கிறார் பெரியவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் உழைத்து உண்பவர்கள். ஆகவே இருவருக்கும் கூலியின் அருமை தெரியும். கேள்வி இதுதான்: பெயர்பெற்ற வீரனைக் கைவிடாமல் நிறுத்திக்கொள்ள ஓர் அணி எவ்வளவு கொடுக்கலாம்? கேட்டதை எல்லாம் கொடுக்க வேண்டுமா? 'போய் வா' என்று வழியனுப்ப வேண்டுமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரன் வாங்கும் பணத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற கூட்டத்தில் நான் இல்லை. அவனும் தொழிலாளிதான்! நமக்குத் தோள் மூலதனம். அவனுக்கு முழங்கால் மூலதனம். நமக்கு 58 வயது வரை வேலை என்றால், அவனுக்கு முப்பதைத் தாண்டினாலே கிழப்பட்டம். பத்தாண்டுகளுக்குள் வாழ்நாள் முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டும். அரங்கம் நிறைகிறது, தொலைக்காட்சி விளம்பரத்தில் பணம் புரள்கிறது; அந்தப் பணம் முதலாளியின் பெட்டிக்குப் போவதைவிட வியர்வை சிந்தியவன் பைக்குப் போவது மேல். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால், தோழனே, ஒருவனுக்குக் கூலி உயர்வது வேறு. ஒருவனுக்காகப் பானையையே கவிழ்ப்பது வேறு!

2022ஆம் ஆண்டை நினைத்துப் பார். புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி, பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்தப் போட்டித் தொடரில் எவரும் கேட்டிராத விலை! வீரர் சாமானியர் அல்லர். முந்தைய மூன்று பருவங்களிலும் பாடிப் போய் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். பெங்களூரு புல்ஸ் அணிக்கு, 2019 சனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் தனியாக 22 புள்ளி எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். திறமையில் குறை சொல்ல ஒரு சொல் கிடையாது.

ஆனால் கணக்கைப் பார்! அந்தப் பருவத்தில் ஓர் அணி முழுவதற்கும் செலவிட அனுமதித்த தொகை 4 கோடியே 40 இலட்சம். அதில் பாதிக்கு மேல் ஒருவருக்கு! மற்றவர் எல்லாரும் மிச்சத்தில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நடந்தது என்ன? அக்டோபர் 8, முதல் ஆட்டம். குஜராத்துடன் மோதல். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே பவனின் முழங்கால் போயிற்று. அந்தப் பருவம் முழுவதும் அவர் களம் காணவில்லை. இரண்டேகால் கோடி மருத்துவமனைக் கட்டிலில்! 'தலைவாஸ் கதை முடிந்தது' என்று தேநீர்க் கடைகள் தீர்ப்பு எழுதின.

முடிந்ததா? இல்லை, அப்போதுதான் தொடங்கியது! நரேந்தர் கண்டோலா என்ற இளைஞர், புரோ கபடியில் அதுதான் அவருக்கு முதல் பருவம். அவர் 243 ரெய்டுப் புள்ளிகளைக் குவித்தார். பிடிக்கிறவர்கள் கைகோத்து நின்றார்கள். 2017இல் தொடங்கிய அந்த அணி, அதுவரை எட்டிப் பார்த்திராத அரையிறுதியில் கால் வைத்தது. பூனே அணியிடம் 37க்கு 39 என்று இரண்டே புள்ளிகளில்தான் தோற்றது.

இன்னொரு வேடிக்கை. பவனை ஏலத்தில் இழந்ததே பெங்களூரு, அதுவும் அதே ஆண்டு அரையிறுதிக்கு வந்தது! கைவிட்ட அணியும் வந்தது. வாங்கியும் ஆடவைக்க முடியாத அணியும் வந்தது. அப்படியானால் அந்தப் பெருவிலை எதற்கான விலை?

'இது விபத்து, ஒரு கதையை வைத்துச் சட்டம் எழுதாதே' என்பாய். சரி, இன்னொன்று கேள். பாட்னா அணிக்கு மூன்று கோப்பைகளை வாங்கித் தந்தவர் பர்தீப் நர்வால். 2021 ஏலத்தில் உத்தரப் பிரதேச அணி அவரை 1 கோடியே 65 இலட்சத்துக்குத் தூக்கிச் சென்றது. 'பாட்னாவின் சிங்கம் போயிற்று' என்றார்கள். அந்தப் பருவத்து அரையிறுதியில் எதிரெதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? சிங்கத்தை இழந்த பாட்னாவும், சிங்கத்தை வாங்கிய உத்தரப் பிரதேசமும்! வென்றது பாட்னா, 38க்கு 27. குகை வலுவாக இருந்தால் சிங்கம் போனாலும் காடு அழியாது.

மூன்றாவது கதையும் உண்டு. 2023இல் தலைவாஸ் பவனை விட்டது. தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60½ இலட்சம் கொடுத்து வாங்கியது. அந்த ஆண்டு அணி ஒன்றுக்கு அனுமதித்த தொகை 5 கோடி. மீண்டும் பாதிக்கு மேல் ஒருவருக்கே! இம்முறை முழங்கால் நன்றாகத்தான் இருந்தது; அவரும் சளைக்காமல் ஆடினார். ஆனால் 22 ஆட்டங்களில் அந்த அணி வென்றது இரண்டே இரண்டு. கடைசி இடம்! ஒருவன் ஓயாமல் பாடிப் போகிறான். திரும்பி வந்தால், இருந்த இடத்தில் ஆள் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஈரான் நாட்டு வீரர் முகமதுரேசா ஷாட்லூயியைப் பூனே அணி 2023இல் 2 கோடியே 35 இலட்சத்துக்கு வாங்கியது, கோப்பை வென்றது. அடுத்த ஆண்டு அரியானா 2 கோடியே 7 இலட்சத்துக்கு வாங்கியது. அதுவும் கோப்பை வென்றது. 'பார்த்தாயா, விலை கொடுத்தவன் வென்றான்!' என்று துள்ளுவாய். துள்ளு. ஆனால் பூனே அணியில் அசுலாம் இனாம்தாரும் மோகித் கோயத்தும் ஏற்கெனவே தயாராக நின்றார்கள். அது சிறுகச் சிறுக வளர்த்த பிள்ளைகளின் அணி. கட்டி முடித்த வீட்டுக்குக் கோபுரம் வைத்தார்கள். கோபுரத்தை வாங்கி வைத்துக்கொண்டு கீழே வீடு தேடவில்லை. 2025இல் அதே ஷாட்லூயியை குஜராத் 2 கோடியே 23 இலட்சத்துக்கு எடுத்தது; முதல் எட்டு இடங்களுக்குள்கூட வர முடியவில்லை. ஷாட்லூயி இல்லாத பூனேயோ இறுதி ஆட்டம் வரை வந்தது!

ஆட்டத்தின் சட்டமே இதைத்தானே சொல்கிறது? களத்தில் ஏழு பேர். பாடிப் போகிறவனுக்கு 30 வினாடி. அவ்வளவுதான் அவன் தனி ஆட்சி. பிடிக்கிறபோதோ மூலையில் நிற்பவனும் நடுவில் நிற்பவனும் கைகோக்காவிட்டால் எதிரி நழுவிவிடுவான். வெளியே போனவன் எப்படி உள்ளே வருகிறான்? அவன் தோழன் எதிரியை வெளியேற்றினால்தான்! இன்னொருவன் உழைப்பால் எனக்கு உயிர், என் உழைப்பால் இன்னொருவனுக்கு உயிர். இதைவிடத் தொழிலாளிக்கு நெருக்கமான ஆட்டம் உலகத்தில் வேறு உண்டா?

தனி ஆளின் பலத்தை மட்டும் நம்பாதே என்ற பாடத்தைப் பக்கத்துப் பெரம்பூர் 1918லேயே படித்துவிட்டது. ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள், வாடியாவும் திரு.வி.க.வும் துணை நின்றார்கள். கைதேர்ந்த நெசவுக்காரன் ஒருவன் மட்டும் போய் மேலாளரிடம் பேசினால் அவன் கூலி மட்டும் உயர்ந்திருக்கலாம். மறுநாள் அவன் கை ஓய்ந்ததும் வெளியே தள்ளியிருப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பேசியதால்தான் எல்லாருக்கும் பேச்சு வந்தது.

முதலாளியின் அன்பு எப்படிப்பட்டது என்பதற்கும் பவனின் கதையே சாட்சி. 2023இல் 2 கோடியே 60½ இலட்சம். 2025இல் அவரைத் தலைவாஸ் திரும்ப எடுத்த விலை 59½ இலட்சம்! அந்தச் செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிப் பருவத்தின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பியது அணி. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்லன். ஆனால் இதைக் கவனி: ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்ற மனிதர், இரண்டே ஆண்டில் அவர் விலை நாலில் ஒரு பங்குக்கும் கீழே! இன்று மாலை, நாளை மறதி. ஆகவே விண்மீன் வீரனும் தன் நலத்துக்காகவே கேட்க வேண்டியது 'எனக்குப் பாதி' என்பதையல்ல. 'காயம்பட்டாலும் எங்கள் எல்லாருக்கும் காப்பு' என்பதை!

இனி நம் கரைக்கு வா. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அலை ஓரத்து மணலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடி வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு வடக்கே கரை அரித்தது, மணல் போயிற்று, பாறாங்கல் வந்தது. கல்லின் மேல் எந்தப் பையன் சடுகுடு ஆடுவான்? ஆடிய இடம் கடலுக்குள். ஆட வேண்டிய பிள்ளை தெருவுக்குள்!

திறமைக்கா பஞ்சம்? தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் தர்மராஜ் தலைமையில் பாட்னா 2016இல் கோப்பை வென்றது. தமிழன் தலைமை; கோப்பை போனது பாட்னாவுக்கு! 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகாவும், வடுவூர் அபினேசும் கபடியில் தங்கத்தோடு திரும்பினார்கள். கண்ணகி நகர் எது? நகரத்தின் நடுவிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஏழைகளைக் குடிவைத்த இடம்! அங்கே முளைத்தது இங்கே முளைக்காதா?

வடக்கிலிருந்து வரும் வீரனை வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். வரட்டும், வரவேற்போம், நம்முடன் ஆடட்டும். ஆனால் தமிழ் என்று பெயர் வைத்த அணி, 2019இல் ராகுல் சௌத்ரிக்கு 94 இலட்சம் கொடுத்துக் கடைசி இடம் வந்தது, 2022இல் பவன், 2024இல் சச்சினுக்கு 2 கோடியே 15 இலட்சம், 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40½ இலட்சம். கோப்பை மட்டும் இன்றுவரை வரவில்லை. பெயர்களை மாற்றி மாற்றி வாங்கியவர்கள், முறையை ஒருமுறை மாற்றிப் பார்க்கக் கூடாதா?

ஆகவே, கல்மண்டபத்துச் சட்டமன்றத்தில் என் வாக்கு இதுதான். நல்ல வீரனை நிறுத்திக்கொள். அவன் உழைப்புக்குத் தக்க கூலியைக் குறைக்காமல் கொடு. ஆனால் பானையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எவனுக்கும் இல்லை என்று உறுதி கொள். அதற்கு மேல் கேட்டால் கைகுலுக்கி, நன்றி கூறி, வாழ்த்தி அனுப்பு. மிச்சப்பட்ட பணத்தில் மூலையில் நிற்கிறவனுக்குக் கூலி உயர்த்து. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிள்ளைகளுக்கு மண்தளம் போட்டுக் கொடு. பயிற்சிக்கு வருகிறவனுக்கு ஒரு வேளைச் சோறு போடு.

அப்போது பார், தோழனே! ஒருவன் முழங்கால் போனால் ஊர் அழாது. அடுத்தவன் தொடை தட்டி எழுவான். ஒருவனை வாங்குவதற்குக் கோடி போதும். ஏழு பேரை உருவாக்குவதற்குத்தான் அறிவு வேண்டும்!