மேடை எரிந்த பின்னும்

விண்டோஸில் பல ஆண்டுகள் நிரல் எழுதிப் பழகிய ஒருவர் கைபேசி லினக்ஸின் பக்கம் திரும்பும்போது முதலில் கேட்பது, "எந்த மொழியைக் கற்க வேண்டும்?" என்பதைத்தான். என் பார்வையில் இது இரண்டாம்பட்சமான கேள்வி. சி++ அறிந்தவருக்கு க்யூடி இருக்கிறது. பைத்தான் அறிந்தவருக்கு ஜிடிகே இருக்கிறது. சி ஷார்ப் மட்டுமே அறிந்தவருக்கும் 2016இல் டாட்நெட் கோர் வெளியான பிறகு லினக்ஸில் இடமுண்டு. முதலில் கேட்க வேண்டியது வேறு: நான் செலவிடப்போகும் ஆண்டுகளின் பலன் யார் கையில் இருக்கும்?

இதற்கு விடை தேட நோக்கியாவின் கதையைவிடச் சிறந்த பாடம் இல்லை. 2005இல் நோக்கியா 770 என்ற சிறிய இணையப் பலகை வந்தது. டெபியனை அடியொற்றிய மீமோ அதன் இயங்குதளம். 2008இல் க்யூடியை உருவாக்கிய ட்ரோல்டெக் நிறுவனத்தை நோக்கியா வாங்கியது. 2009இல் என்900 வந்தது. 600 மெகாஹெர்ட்ஸ் செயலகமும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அந்தக் கைபேசியில் முனையத்தைத் திறந்து, மேசைக் கணினியில் இடுவதைப் போலவே கட்டளைகளை இட முடிந்தது. 2010இல் மீமோவும் இண்டெலின் மோப்ளினும் இணைந்து மீகோ ஆயின. விண்டோஸில் அமர்ந்தபடியே க்யூடியில் எழுதி இக்கருவிகளுக்கு அனுப்பும் வசதியும் இருந்தது.

2011 பிப்ரவரியில் எல்லாம் மாறிற்று. தலைமை நிர்வாகி ஸ்டீபன் எலோப் ஊழியர்களுக்கு எழுதிய மடல், தீப்பற்றி எரியும் எண்ணெய்த் துரப்பண மேடையிலிருந்து கடலில் குதித்தவனின் உவமையோடு தொடங்கியது. சில நாட்களில் நோக்கியா விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு வெளியான என்9, மீகோவின் பெயர் தாங்கிய நோக்கியாவின் ஒரே கைபேசியாக நின்றுவிட்டது.

அன்று, "நல்லவேளை, நாம் விண்டோஸிலேயே இருந்தோம்" என்று பெருமூச்சு விட்ட நிரலாளர் பலர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நேர்ந்தது என்ன? விண்டோஸ் போன் 7க்காக அவர்கள் கற்றது சில்வர்லைட். 2012இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது பழைய கைபேசிகளை அதற்கு மேம்படுத்த வழியில்லை. பிறகு வந்த விண்டோஸ் 10 மொபைலுக்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றது. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரில். எரிந்த மேடையிலிருந்து குதித்தவர்கள் ஏறிக்கொண்ட தெப்பமும் மூழ்கிப்போனது.

மறுபக்கம் பாருங்கள். நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் 2011இல் ஜொல்லாவைத் தொடங்கினார்கள். அவர்களின் செயில்பிஷ் க்யூடியின் மீதே எழுந்தது. மீமோவின் மரபை டெவுவான் மீது தொடரும் மீமோ லெஸ்டே தன்னார்வலர்களின் முயற்சி. 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், உற்பத்தியாளர் கைவிட்ட கைபேசிகளுக்குப் பத்தாண்டு ஆயுள் தருவதையே இலக்காக வைத்தது. இவையெல்லாம் சந்தையில் வென்றுவிடவில்லை. ஆனால் சாகவும் இல்லை. மூலநிரல் பொதுவில் இருக்கும்போது ஒரு நிறுவனத்தின் முடிவு ஒரு பொருளைக் கொல்லலாம். அதில் சேர்ந்த அறிவைக் கொல்ல முடியாது.

"ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே?" என்பார்கள். கருவைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அதற்கு மேலுள்ள அடுக்குகள் அனைத்தும் வேறு. மேசைக் கணினியில் எழுதிய ஜிடிகே நிரலை அப்படியே அங்கே ஓட்ட முடியாது. கைபேசி லினக்ஸின் சிறப்பே அது மேசைக் கணினியின் அதே லினக்ஸ் என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே தொடங்குவதற்குக் கைபேசி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ் 11இலேயே லினக்ஸ் துணை அமைப்பை நிறுவினால் 2021 முதல் லினக்ஸ் நிரல்களின் சாளரங்களும் அங்கே திறக்கின்றன. க்நோமின் லிப்அட்வைட்டா, கேடிஈயின் கிரிகாமி ஆகிய இரண்டு நூலகங்களும் திரையின் அகலத்துக்கேற்ப வடிவம் மாறுபவை. சாளரத்தை 360 புள்ளி அகலத்துக்குச் சுருக்குங்கள். அதுவே உங்கள் முதல் கைபேசி. நிரல் அதில் ஒழுங்காக நின்ற பிறகு, போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் ஏற்கும் பழைய ஒன்பிளஸ் 6 போன்ற ஒன்றைத் தேடலாம்.

பழகிய சில விஷயங்கள் கைகொடுக்கும். விண்டோஸின் செய்திச் சுழலைப் புரிந்துகொண்டவருக்கு ஜிலிப்பின் முதன்மைச் சுழல் அந்நியமாக இராது. வேறு சில பழக்கங்களை விடத்தான் வேண்டும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. ரெஜிஸ்ட்ரி என்ற மையப் பேரேடு இல்லை. பெரும்பாலான அமைப்புகள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். உபுண்டுவில் தொகுத்த நிரல் கைபேசியில் அப்படியே ஓடாது. செயலகம் ஆர்ம் வகை என்பது ஒரு காரணம். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸின் அடித்தளமான ஆல்பைன், குனுவின் சி நூலகத்துக்குப் பதில் மஸ்ல் என்பதைப் பயன்படுத்துவது இன்னொன்று. பிளாட்பேக் பொதிகள் இத்தொல்லையைப் பெருமளவு குறைக்கின்றன.

எழுத்துருக்களின் சங்கதி நமக்கு நெருக்கமானது. விண்டோஸின் உள்ளே சரங்கள் யுடிஎஃப்-16இல் வாழ்கின்றன, லினக்ஸில் பெரும்பாலும் யுடிஎஃப்-8இல். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யுனிகோடுக்கு அது ஐந்து குறியீடு. யுடிஎஃப்-16இல் 10 பைட், யுடிஎஃப்-8இல் 15 பைட். பைட்டுகளை எண்ணிச் சொல்லை வெட்டும் நிரல் ஆங்கிலத்தில் தப்பித்துவிடும், தமிழில் எழுத்தைச் சிதைக்கும். நம் மொழியை வைத்துச் சோதித்துப் பார்க்கும் நிரலாளர் இப்பிழையை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

குறைகளை மறைப்பதில் பயனில்லை. கைபேசி லினக்ஸில் மின்கலம் விரைவில் தீரும். ஒளிப்படக் கருவி பல கருவிகளில் அரைகுறையாகவே வேலை செய்யும். வங்கிகளின் செயலிகளை நம்ப முடியாது. இதை வைத்துப் பிழைப்பு நடத்துவதும் கடினம். வருமானத்தை மட்டும் கருதுபவர் ஆண்ட்ராய்டுக்குப் போவதே முறை.

ஆனால் தொழிலில் இருபது, முப்பது ஆண்டுகள் நிற்க விரும்புகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மூடிய மேடையில் நாம் கற்பவற்றில் பெரும்பகுதி அந்த மேடையின் வாடகை. மேடையைப் பிரித்தால் அதுவும் போய்விடும். திறந்த மூலத்தில் ஒரு பிழையைத் தேடி ஜிடிகேயின் உள்ளே நுழைந்து, பிறர் எழுதியதை வரிவரியாக வாசித்து, ஒரு சிறு திருத்தத்தை அனுப்பி, அது ஏற்கப்படும்போது கிடைப்பது நமக்கே சொந்தமான சொத்து. நூல்களை வாசிக்காமல் எழுத்தாளனாக முடியாது என்பதை இலக்கியத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். மூலநிரலை வாசிக்காமலே நிரலாளராக வாழ்ந்துவிடலாம் என்று மட்டும் எப்படி நம்புகிறோம்?

விண்டோஸை விட்டுவிடுங்கள் என்று யாரையும் நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மாலை போதும். ஒரு சிறிய குறிப்பேடு, ஓர் அகராதி, ஒரு வாசிப்புக் கருவி என்று சிறிதாகத் தொடங்குங்கள். அதன் மூலநிரலைப் பொதுவில் வையுங்கள். நாளை எந்த நிறுவனம் எந்த மேடையைக் கொளுத்தினாலும் அது அங்கே இருக்கும்; இன்னொருவர் அதை எடுத்துத் தொடரலாம்.