பெரியாஸ்பத்திரித் துண்டு யாருக்காக எழுதப்படுகிறது?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏட்டிலே எப்பெயர் இருப்பினும், எம்மவர் நாவில் அது என்றும் பெரியாஸ்பத்திரியே. நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து வருபவனும், கிளிநொச்சி வயலிலிருந்து அம்புலன்ஸ் வண்டியில் மாற்றி அனுப்பப்படுபவனும், நகரத்துச் சட்டத்தரணியும் கடைசியில் வந்து சேரும் வாசல் அது. சாதி கேட்பதில்லை, காசு கேட்பதில்லை. இத்தகைய ஒரு நிறுவனம் எமக்கு இருப்பதையிட்டு நாம் பெருமைப்படுகிறோம். அப்பெருமை காரணமாகவே இன்று ஒரு கேள்வியையும் எழுப்புகிறோம்.

நோய் தணிந்து வீடு திரும்பும் நாளிலே நோயாளிக்குத் 'துண்டு வெட்டுகிறார்கள்'. அவனுக்கு வந்த நோய் யாது, செய்த சிகிச்சை யாது, இனி உண்ணவேண்டிய மருந்து எவை, மறுபடி எப்பொழுது வரவேண்டும் என்பன யாவும் அத்துண்டிலே அடங்கும். அவன் உடலைப் பற்றி அவன் கையில் உள்ள ஒரே பத்திரம் அதுதான். அதுவோ ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது! கமக்காரன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறான். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. சிறுநீரகம் பழுதடைந்து வருகிறது என்று துண்டில் எழுதியிருக்க, 'ஏதோ சலக்குழப்பமாம்' என்று எண்ணிக்கொண்டு அம்மனிதன் மறுநாள் வெயிலில் மண்வெட்டி பிடித்தால், அக்குற்றம் யாருடையது?

இவ்வழக்கம் பெரியாஸ்பத்திரிக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் அறிவோம். நாடு முழுவதும் இதே கதைதான். அநுராதபுரத்துச் சிங்கள விவசாயியின் கையிலும் ஆங்கிலத் துண்டுதான் இருக்கிறது. ஆயினும் யாழ்ப்பாணத்துக்கு இவ்விடயத்தில் ஒரு தனிக்கடமை உண்டு. ஏன் என்பதற்கு வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்போம்.

இவ்வைத்தியசாலையை முதலிலே நிறுவி நடத்தியது சுகாதாரத் திணைக்களம் அன்று. அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் முயற்சியால், 1850ஆம் ஆண்டளவில், பிரண்ட்-இன்-நீட் சங்கம் என்ற தருமச் சங்கத்தின் ஆஸ்பத்திரியாகவே அது தோன்றியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அவ்வாறு நடந்த பின்னரே, 1907இல், அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. ஏழைக்காக எழுந்த கட்டடம் அது.

அதே காலத்தில், சில மைல்களுக்கு அப்பால் மானிப்பாயிலே, அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் முதலில் ஆங்கிலத்திலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். கற்றவர் என்ன செய்தனர்? உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போயினர். கிராமம் கிராமமாகவே கிடந்தது. இதைக் கண்ட கிறீன், 1864இல் தமிழிலேயே கற்பிப்பது என்று தீர்மானித்தார். நூல் இல்லையே என்று கைவிரிக்கவில்லை. உடற்கூற்றியலும் சத்திர சிகிச்சையும் தமிழிலே வந்தன. 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று பெரும் நூல்கள் அச்சேறின. வேற்று நாட்டான் ஒருவன், மேனாட்டு வைத்திய சாத்திரம் முழுவதையும் தமிழிலே சொல்லலாம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டினான். நாமோ இன்று நான்கு வரித் துண்டு ஒன்றைத் தமிழில் எழுத இயலாது என்கிறோம்!

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப்படை அவ்வைத்தியசாலைக்குள் நுழைந்து சுட்டபோது, கட்டிலிற் கிடந்த நோயாளரும் கடமையிலிருந்த வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் ஒருமித்தே மாண்டனர். அதன் பின்னரும் ஷெல்லுக்கும் மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் நடுவே, ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த காலத்திலும், நோயாளரைக் கைவிடாமல் நின்ற ஊழியர் பலர். அவர்களை நாம் வணங்குகிறோம். சாவிலே ஒன்றாய் நின்றவர்களுக்கிடையில், வாழ்விலே ஒரு மொழிச் சுவர் எதற்கு என்பதே எமது கேள்வி.

இச்சுவரைக் கட்டியவர் யார்? கொழும்பு என்று சொல்லித் தப்ப இயலாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது கொதித்தெழுந்தோம். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே சத்தியாக்கிரகம் இருந்தோம். எத்தனையோ இழப்புகளுக்குப் பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பிலும் எழுதப்பட்டுவிட்டது. அது நடைமுறையில் மீறப்படுகிறதே என்று நாள்தோறும் முறையிடுகிறோம், முறையிட வேண்டியதுதான். ஆனால் தமிழ் வைத்தியன், தமிழ் நோயாளிக்கு, தமிழ் மண்ணிலே ஆங்கிலத்தில் எழுதுகிறானே, அதற்கு எவன் துவக்கைக் காட்டினான்?

படித்தவர் மறுமொழி எமக்குத் தெரியும். வேறு வைத்தியசாலை நிபுணரும் அதை வாசிக்க வேண்டுமே என்பர். வாசிக்கட்டும், ஆங்கிலத்தை அழிக்குமாறு நாம் கேட்கவில்லை, அதன் கீழே தமிழையும் எழுதுமாறு கேட்கிறோம். தெற்கிலிருந்து வரும் சிங்கள வைத்தியருக்குத் தமிழ் தெரியாதே என்பர். அவர்களுக்காக அச்சிட்ட படிவம் ஒன்று போதும்: பொதுவான நோய்களின் பெயர், மருந்து எடுக்கவேண்டிய வேளை, தவிர்க்கவேண்டிய உணவு, உடனே திரும்பிவர வேண்டிய அபாயக் குறிகள். இவற்றைத் தமிழில் அச்சிட்டு வைத்தால், வைத்தியர் அடையாளமிட்டால் ஆயிற்று. நேரமில்லை என்பர். வாட்டிலே ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்பதை அறியாதவர் அல்லோம். வைத்தியர் பலர் நாட்டை விட்டுப் போய்விட்ட இக்காலத்தில் எஞ்சியிருப்போரின் பாரம் பெரிது. ஆனால் விளங்காத துண்டோடு போனவன் மருந்தைப் பிழையாக உண்டு, பத்து நாளிலே மறுபடி அதே வாட்டுக்கு வந்து கிடந்தால் அந்நேரம் எங்கே மிஞ்சுகிறது?

தமிழிலே சொல் இல்லை என்ற சாட்டு மட்டும் எம்முன் வேண்டாம். சீனி வருத்தம் என்றால் அறியாதவர் எவர்? சலரோகமும் ஈழையும் நெருப்புக் காய்ச்சலும் எம் பாட்டிமார் சொல்லிவந்த சொற்கள். 'பிறசர்' என்று எழுதினாலும் நாம் குறை கூறோம். அதுவும் இன்று எம் சொல்லே. பண்டிதத் தமிழைத் தேடி அகராதி புரட்டுமாறு எவரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்திலே மருத்துவ பீடம் 1978 முதல் இயங்குகிறது. ஆண்டுதோறும் எம் பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள். இப்படிவத்தைத் தயாரிக்கும் வேலையை அப்பீடத்து மாணவரிடமே ஒப்படைக்கலாம். அச்சிடும் செலவுக்குத் திறைசேரியைப் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. தருமப் பணத்தில் நடந்த ஆஸ்பத்திரி அது. கோவில் திருவிழாவுக்கு வாண வேடிக்கை கொளுத்தும் ஊர்ச் சங்கங்கள் ஓராண்டு வேடிக்கையைக் குறைத்தாலும் பல மாதங்களுக்குக் கடதாசி வாங்கலாம். முதலில் ஒரு வாட்டிலே தொடங்கட்டும். சிறுநீரக நோயாளர் கிளினிக்கிலே தொடங்கினால் இன்னும் நன்று. வன்னிக் கமக்காரன் அங்கேதான் வரிசையில் நிற்கிறான்.