சீனத்துக் 'கான்' தமிழ்க் 'காண்' ஆகுமா?

தமிழ்ப்பற்று மிக்க இளைஞர் சிலர், அயன்மொழிச் சொல்லொன்று தமிழ்ச்சொல்லைப்போல் ஒலிக்கக் கேட்ட அளவிலேயே, அம்மொழி தமிழினின்று பிறந்ததென முழங்கத் தொடங்கிவிடுகின்றனர். சீனத்தில் பார்த்தலைக் குறிக்குஞ் சொல் 'கான்', தமிழிலோ 'காண்'. இவ்வொன்றே போதும், சீனத்தையும் தமிழின் மகளாக்கிவிடலாம் என எண்ணுவார் உளர். பன்னூற்றாண்டுகளாகத் தாழ்த்தப்பட்ட மொழியின் மக்கள் அதன் பெருமையைத் தேடி அலைதல் இயல்பே. அவ்வார்வம் பழிக்கத்தக்கதன்று. ஆயின் ஆர்வம் ஆய்வாகிவிடாது.

சொல்லைத் தனியே பிடுங்கியெடுத்துப் பார்த்தால் மெய்ம்மை புலப்படாது. வினைச்சொல் தன் பொருளை முற்றுவிக்க எதனை வேண்டி நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு வந்து நிரப்பும் சொல்லையோ தொடரையோ வினைநிரப்பி எனலாம். சீனக் 'கான்' கண்ணைச் செலுத்தும் முயற்சியை மட்டுமே குறிக்கும். பொருள் கண்ணிற்பட்டமையைக் குறிக்கச் 'சியென்' என்னும் மற்றொரு வினை நிரப்பியாகப் பின்வரல் வேண்டும். 'கான்சியென்' என்றால் நோக்கிக் கண்டமை. இடையே 'பு' என்னும் எதிர்மறைச் சொல்லை வைத்துக் 'கான்புசியென்' என்றால் நோக்கினும் காணவியலாமை. இவ்வாறே 'திங்' கேட்டல், 'தொங்' விளங்கல், 'திங்புதொங்' கேட்டும் விளங்கவியலாமை.

எனவே சீனக் 'கான்' தமிழ் 'நோக்கு' என்பதற்கே நேராகும். தமிழ்க் 'காண்' என்பதற்கு நேரானது 'சியென்'. அன்றியும், பழஞ்சீன நூல்களில் பார்த்தலுக்குப் பெருவழக்காய் நின்றவை வேறு சொற்கள். 'கான்' பிற்காலத்தே பரவியது. ஒலியொப்புமை தற்செயலானது என்பதை வினைநிரப்பியே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

இனி, ஒரு முழுத்தொடரே நிரப்பியாக வரும் இடத்தைக் காண்க. 'அவன் வந்தமை அறிவேன்' என்பது தமிழ். பர்மியர் 'தூ லாதா தீதே' என்பர். 'தூ' அவன், 'லா' வருதல், 'தா' அவ்வினையைப் பெயராக்கும் ஈறு, 'தீதே' அறிதலைக் குறிக்கும் முற்று. சொல்வைப்பு அப்படியே தமிழ்வைப்பு. திபெத்தியமும் மணிப்புரியின் மெய்தெய் மொழியும் 'பா' என்னும் ஈற்றைச் சேர்த்து வினையைப் பெயராக்கி, அறிதல் வினையை இறுதியில் வைக்கின்றன. சீனமோ 'வோ சிதாவ் தா லாய்லெ' என்னும். அஃதாவது, 'நான் அறிவேன், அவன் வந்தான்' என்பது அதன் வைப்புமுறை. பெயராக்கும் ஈறும் இல்லை. இணைக்கும் இடைச்சொல்லும் இல்லை.

அமைப்பொன்றையே அளவுகோலாகக் கொண்டால், பர்மியம் தமிழுக்கு உடன்பிறப்பு, சீனத்துக்கு அயல் என்று முடிவு கட்டல் வேண்டும். உண்மை அதற்கு நேரெதிரானது. சீனமும் பர்மியமும் திபெத்தியமும் 400க்கு மேற்பட்ட மொழிகளைக் கொண்ட சீனத் திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பால் பெனடிக்டு 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நூலும், அதன் பின்வந்த ஆய்வுகளும், அவ்வுறவை அடிப்படைச் சொற்களின் ஒலித்தொடர்பு கொண்டே நாட்டின. ஐந்து என்னும் எண் திபெத்திய எழுத்தில் 'ல்ங', பர்மியத்தில் 'ஙா', சீனத்தின் காண்டன் வழக்கில் 'ங்'. கண், திபெத்தியத்தில் 'மிக்'. பர்மிய எழுத்தில் 'மியக்'. காண்டன் வழக்கில் 'முக்'. ஒரு சொல்லன்று, சொற்கூட்டம் முழுவதும் ஒழுங்கான முறையில் ஒத்துவருகின்றது. அதுவே பிறப்புறவின் சான்று.

மற்றொன்று. 'வருவான் என்று சொன்னான்' என்பதிலுள்ள 'என்று', சொல்லுதற் பொருளதாகிய 'என்' என்னும் வினையிற் பிறந்த எச்சம். நேபாளத்து நேவார் மொழியின் 'தகா' என்னும் இணைப்புச்சொல்லும் அம்மொழியில் சொல்லுதலைக் குறிக்கும் வினையிற் பிறந்ததே. சீனத்தின் தென்மின் வழக்கில், சொல்லுதற் பொருளதாகிய 'கொங்' எண்ணுதல் வினையின் பின்னும் இணைப்புச்சொல்லாய் நின்று, நிரப்பித்தொடரைத் தனக்குப் பின்னே கொள்கின்றது. ஆப்பிரிக்காவின் எவே மொழியும் இவ்வழியே சென்றுள்ளது. இந்திய நிலப்பரப்பில் வெவ்வேறு குடும்ப மொழிகள் நெடுநாள் அண்டைவாழ்வால் அமைப்பில் ஒத்துவிட்டமையை எமனோ 1956ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆயின் தென்மின்னும் எவேயும் தமிழுக்கு அண்டையுமல்ல, கிளையுமல்ல. மாந்தர் மனம் ஒரே வழியைப் பலவிடத்துந் தானே கண்டுகொள்ளும்.

நேவார் மொழிக்கு நேர்ந்ததையும் தமிழர் அறிதல் நன்று. 1965ஆம் ஆண்டு நேபாள வானொலியில் அம்மொழிச் செய்தி நிறுத்தப்பட்டது. அம்மக்கள் இலக்கியக் கூட்டங்கள் கூட்டி எதிர்த்து நின்றனர். தாய்மொழி என்னும் உரிமை ஒன்றே அவர்க்குப் போதியதாயிருந்தது. ஒரு மொழியைப் போற்றுதற்கு அது தமிழின் கிளையாயிருத்தல் வேண்டா. தமிழைப் போற்றுதற்கு உலக மொழிகளெல்லாம் அதன் மக்களாயிருத்தலும் வேண்டா.

பொய்ச்சான்று ஒன்றை மேடையேற்றினால், அதனோடு நிற்கும் மெய்ச்சான்று நூறும் நகைப்புக்கிடமாகும். தமிழைத் தாழ்த்தக் காத்திருப்போர்க்குத் தமிழரே படைக்கலம் வடித்துக் கொடுப்பதாய் முடியும். தமிழ் தன் வேர்ச்சொற்களாலும், தன் இலக்கணத்தாலும், ஈராயிரம் ஆண்டு அறாத வழக்காலும் நிமிர்ந்து நிற்பது. அதற்கு இரவற் பெருமை எற்றுக்கு?

ஆதலின், ஒப்பிட விழையும் இளைஞர் முதலில் அவ்வயன்மொழியைக் கற்க. அதன் வினை எதனை வேண்டி நிற்கின்றது, எச்சம் எங்ஙனம் முடிகின்றது, பழவழக்கு யாது என்று ஆய்க. அதன்பின் பேசுக. அறிவின் வழிவந்த பற்றே தமிழைக் காக்கும். வெல்க தமிழ்!