பல்லிக்கு இரையாகும் பட்டுப்புழு

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல்லி, ஓணான், பச்சோந்தி முதலிய பிராணிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துப் பிரியமாக வளர்ப்போர் பலர் உளர். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக்குரிய தாடியோணான் அவர்களுக்கு விசேஷ விருப்பமானது. இப்பிராணிகளுக்கு உயிருள்ள இரை வேண்டியிருப்பதால், நூலெடுக்கும் எண்ணம் சிறிதுமின்றி இரைக்கென்றே பட்டுப்புழுவை வீட்டில் வளர்க்கிறார்கள். இதைக் கேட்டு நம் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் ஓசூர்ப் பக்கத்துப் பட்டு விவசாயி ஒருவர், தம் மகன் சொல்லக் கேட்டு, "என் கொட்டகையில் மிஞ்சும் புழுவை அவ்விதம் விற்கலாகாதா? அதற்கு வேண்டிய முட்டையையும் என் கூட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாகாதா?" என்று எம்மை வினவினார். இரண்டாம் வினாவே இதை எழுதத் தூண்டியது.

இரைக்கு இப்புழு ஏற்றதென்பதில் ஐயமில்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதன் கையிலேயே வளர்ந்ததால், அது தட்டை விட்டு ஓடுவதில்லை. அதன் அந்துப்பூச்சிக்குப் பறக்கும் சக்தியும் இல்லை. உடல் மெத்தென்றது, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். சுண்ணாம்புச் சத்து நிரம்பியதென்று சில வியாபாரிகள் கூறுவது மட்டும் மிகை. அதில் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரமே அதிகமாதலால், விவரமறிந்தவர்கள் புழுவின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவியே இரையாகக் கொடுக்கிறார்கள்.

குளிர் நாடுகளில் முசுக்கட்டைச் செடி பனிக்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும். அதனால் அவர்கள் இலைப்பொடியுடன் சோயா மாவு முதலியன கலந்து களிபோற் கிண்டிய உணவை இடுகிறார்கள். இவ்வகை உணவைக் கொண்டே புழுவை முற்ற வளர்க்கும் முறையை 1960-ம் வருஷத்தில் ஜப்பானியர் கண்டனர். நமக்கோ இலைக்குப் பஞ்சமில்லை. நம் கலப்பின முட்டைகளும் பத்து நாளளவில் தாமே பொரிந்துவிடும். மற்றொரு சௌகரியமும் உண்டு. புழு நான்கு முறை தோலுரித்துச் சுமார் 25 நாளில் கூடு கட்டுகிறது. தன் ஆயுளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்திலேயே தின்று தீர்க்கிறது. இரைக்கு வளர்ப்பவர் அப்பெருந்தீனிக்கு முன்பே விற்றுவிடலாம். இலை மட்டும் சுத்தமாயிருத்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையும், புகையிலைக் கொல்லையை அடுத்து வளர்ந்த இலையும் புழுவுக்கு நஞ்சாகும்.

இனி முட்டை விஷயம். ஒரு தாய்ப்பூச்சி 400 முதல் 500 முட்டைகள் வரை இடும். பத்துக் கூடுகளை ஒதுக்கிவைத்தால் வீடு நிறையப் புழு கிடைக்குமே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் பெப்ரின் என்னும் நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுகளை அடைகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரான்சு தேசத்தின் பட்டுத்தொழிலை நிலைகுலையச் செய்தது இதுவே. 1865-ம் வருஷம் இதை ஆராயத் தொடங்கிய பாஸ்டர், முட்டையிட்ட பூச்சியை அரைத்துப் பூதக்கண்ணாடியில் சோதித்து, நோய்க் கிருமி காணப்படாத தாயின் முட்டையையே வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். இன்றளவும் வித்துக்கூடங்கள் அம்முறையையே கையாளுகின்றன. வீட்டில் முட்டையெடுப்பவர் இச்சோதனையைச் செய்வதில்லை. அவருடைய புழுக்களில் நோய் தோன்றினாலும் அவருக்கு நஷ்டம் அற்பமே. பல்லி பட்டினி கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்நோயின் வித்து எச்சத்திலும் தூசியிலும் தங்கி, காலிலும் கூடையிலும் ஒட்டி அடுத்த கொட்டகைக்குப் போகுமானால், கடன் வாங்கி இரண்டு ஏக்கர் முசுக்கட்டை பயிரிட்டவனின் விளைவு முழுவதும் கெட்டுப்போகும்.

இது வீண் அச்சமன்று. ஊசி ஈயை அறியாத பட்டு விவசாயி இன்று நம்மிடையே இல்லை. அது தென்னாட்டுக்கு உரியதே அன்று. 1980-ம் வருஷத்தில் வங்காளத்திலிருந்து வந்த கூடுகளுடன் கர்நாடகத்துட் புகுந்து, அங்கிருந்து நம் ஜில்லாக்களுக்கும் பரவிற்று. அதைத் தடுக்க ஜன்னல்தோறும் வலை கட்டிய செலவு இன்னும் நம் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. 2006-ம் வருஷம் மத்தியப் பட்டு வாரியச் சட்டத்தைத் திருத்தி, வித்து உற்பத்தியை ஒழுங்குபடுத்தியதைச் சிலர் வீண் தொல்லை என்கிறார்கள். எமது அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது.

ஆகவே ஓசூர் நண்பருக்கு யாம் கூறிய விடை இது: சோதித்த முட்டையை வாங்கி, பட்டுக் கொட்டகைக்கு எட்டிய தனியிடத்தில் வளர்ப்பதானால் ஆட்சேபமில்லை. சொந்த முட்டை வேண்டவே வேண்டாம். வெளியே போன புழு திரும்ப உள்ளே வரலாகாது. பால் நோய் கண்டு மஞ்சளித்த புழுவைக் கோழிக்கு எறியும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதனால் நோய் தெருவெங்கும் இறைபடுகிறது. அதைச் சுட்டெரிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். கிராம அலுவலர்கள் இவ்வொன்றையாவது கண்டித்துச் சொல்வார்களாக.

வாங்குவோர் யார் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டுப் பிராணிகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதுகாப்புப் பட்டியலில் கண்ட அயல்நாட்டு இனங்களையும் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டுமென 2022-ம் வருஷத் திருத்தம் கூறுகிறது. ஆதலால் இங்கே இச்சந்தை மிகச் சிறியது. நூல் எடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழுவோ நூற்பு நிலையங்களில் குவியலாய்க் கிடந்து நாறுகிறது. உலர்ந்த கூட்டுப்புழுவில் ஏறக்குறையப் பாதி புரதம், கால் பங்கு கொழுப்பு. சீனாவிலும் ஜப்பானிலும் குளத்து மீனுக்கு இதை நெடுங்காலமாக இட்டு வருகிறார்கள். கொரியாவில் மனிதரே அவித்து உண்கிறார்கள். வெந்து வெளிவந்த அன்றே வெயிலில் பரப்பி உலர்த்தி, கோழித் தீவனத்தில் சிறிதளவு சேர்க்கலாம். அளவு மிஞ்சினால் அதன் எண்ணெய் நாற்றம் முட்டையில் ஏறிவிடும்.