பேரம் பேசும் இடம்

ஜவுளிக் கடையில் சீட்டில் கண்ட விலையை மறுபேச்சில்லாமல் எண்ணி வைக்கும் கனவான்கள், அதே துணியைத் தையற்காரரிடம் கொண்டுபோனதும் மகா கெட்டிக்காரர்களாகிவிடுகிறார்கள். "ஒரு சட்டைக்கு இவ்வளவு கூலியா? ரெடிமேடே வாங்கிவிடலாமே!" என்று ஒரு போடு போடுகிறார்கள். தாராளமாக வாங்கலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் வாங்கியபின், கை நீளம், இடுப்பு தொளதொள என்று அதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் ஓடுகிறார்கள்? அதே தையற்காரரிடந்தான்! பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதற்குக் கூலி கேட்டால், "இதற்குமா?" என்கிறார்கள்.

ராஜபாளையத்தில் 1936-இல் மில் எழுந்தது. இன்று நூலும் துணியும் அந்த வட்டாரத்துக்கே ஜீவனம். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். அங்கே துணியை அடுக்கி வைத்து மொத்தமாக வெட்டிவிடலாம். தனியாகக் கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சௌகரியம் ஏது? வருகிற ஒவ்வோர் உடம்பும் புது உடம்பு. ஒருவருக்கு வலது தோள் சற்றே இறங்கியிருக்கும். இன்னொருவர் தொந்தியை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பார். (பொத்தான் எட்டவில்லை என்று பிற்பாடு சண்டைக்கு வருகிறவரும் அவரே!) பெண்மணிகளோ, மூன்று வருஷத்துக்கு முந்திய ரவிக்கையை அளவுக்கு அனுப்பி, "இதேபோல, ஆனால் கொஞ்சம் லூஸாக" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் 'கொஞ்சம்' அரை அங்குலமா, ஓர் அங்குலமா? அதைத் தையற்காரர் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகம் தவறினால் துணிக்கு ஈடு கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.

கொடுக்கிற கூலி முழுவதும் அவர் பைக்கா போகிறது? நூல், கழுத்துப்பட்டிக்குக் கான்வாஸ், பொத்தான், காஜா எடுப்பவருக்குக் கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரன்று ரத வீதிகளில் ஜனம் அலைமோதும். பால்கோவாக் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிராது. தையற்காரரோ மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். ஆடியில் கலியாணம் இல்லை. கலியாணம் இல்லையென்றால் ரவிக்கைத் துணி வராது. மார்கழியிலும் இதே கதைதான். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாகவோ ஊரே திரண்டு வந்து கதவை இடிக்கும். விடிய விடியத் தைத்தாலும், "சொன்ன தேதிக்குத் தராத பொய்யர்" என்ற பட்டந்தான் மிச்சம். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வந்துவிடுகிறது.

"அரசாங்கம் தையல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் வைத்திருக்கிறதே!" என்பார்கள். வைத்திருக்கிறது, பதிந்துகொண்டவர்களுக்கு 60 வயதுக்குமேல் ஓய்வூதியமும் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் அந்த அறுபது வரையில் கண்ணும் முதுகும் தாங்க வேண்டாமா? சர்க்கார் கொடுப்பதைக் காட்டி நாம் கூலியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

தயவு காட்டும்படி நான் கேட்கவில்லை. ஆடித் தள்ளுபடியில் ஆசையாக வாங்குகிறோமே, அந்தத் துணியை ஐப்பசி வரையில் பெட்டியில் பூட்டி வைப்பானேன்? மிஷின் சும்மா கிடக்கும் அந்த ஆடியிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். பாதிக் கூலியை அன்றைக்கே கையில் வையுங்கள். போன வருஷம் தைக்கக் கொடுத்துவிட்டு மறந்துபோன சட்டை அவருடைய அலமாரியில் கிடந்தால், போகிறபோதே பாக்கியைத் தீர்த்து அதையும் எடுத்து வாருங்கள். பேரம் பேசித்தான் தீரவேண்டுமென்றால், விலைச் சீட்டுத் தொங்குகிற கடையில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.