குழி நிரம்பிய பிறகு

கேரளத்தின் தனுவச்சபுரம் போன்ற எல்லையோர ஊர்களில் கிணறும் கழிப்பறைக் குழியும் ஒரே மனைக்குள்தான். இரண்டுக்கும் இடையே 7.5 மீட்டர் வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி. ஐந்து சென்ட் மனையில், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்தால் அந்தத் தூரம் கிடைக்காது. பாதாளச் சாக்கடைக்குக் காத்திருப்பதும் வீண். மேடுபள்ளமான நிலத்தில், தள்ளித்தள்ளி நிற்கும் வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் செலவே திட்டத்தை விழுங்கிவிடும். நெய்யாற்றின்கரை நகராட்சியும் பாறசாலை, கொல்லயில் ஊராட்சிகளும் சேர்ந்து, குழிகளிலிருந்து லாரியில் அள்ளி வரும் கசடைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் அமைப்பதே நடக்கிற காரியம்.

திருவனந்தபுரம் முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் லாரி போகும் தூரம் கூடக்கூட டீசல் செலவு கூடும், இரவில் அருகிலுள்ள ஓடையில் வால்வைத் திறக்கும் ஆசையும் கூடும். அருகிலேயே எளிய நிலையம் போதும் என்பதற்கு உதாரணம் உண்டு: தமிழகத்தின் கருங்குழிப் பேரூராட்சி 2017 முதல் லாரிக் கசடை மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் ஊற்றுகிறது. நீர் கீழே வடிந்து தனியே சுத்திகரிக்கப்படுகிறது, கசடு வெயிலில் காய்கிறது. மின்சாரமும் குறைவு.

‘எங்கள் ஊரில் வேண்டாம்’ என்ற எதிர்ப்பு வரும். கோழிக்கோடு ஆவிக்கல் தோட்டில் கழிவுநீர் நிலையத்துக்கு எதிராக 2022இல் வந்தது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது அதிகாரிகளுக்கு வசதி, அவ்வளவே. பராமரிப்பில்லாத நிலையம் நாறத்தான் செய்யும். எனவே இடம் தேர்வதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சோதித்து, அதன்பின் மாதந்தோறும் முடிவுகளை ஊராட்சிப் பலகையில் ஒட்டும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.